பத்து விரலிலும் மஞ்சள்

"கையை நீட்டுங்க, ஸ்வாமி," என்றார் வாத்தியார் நஞ்சுண்டசாமி.

பாலசந்திரன் நீட்டினார். புது வெள்ளைச் சட்டை, இடுப்பில் வெள்ளை நாடா, வயது நாற்பத்து நான்கு. மண்டி மொஹல்லாவில் ஓர் அரிசிக் கிடங்கின் மாடியில் நடந்த ஜூ-ஜிட்ஸு என்ற ஜப்பானிய மற்போர் வகுப்பில் அவருக்கு அது முதல் நாள்.

"நகம்தான் இங்கே முதல் பாடம். இவ்வளவு நகத்தோட பாயில கால் வைக்கக் கூடாது. எதிராளியைக் கிழிச்சுடும். வெட்டிட்டு வாங்க."

வெட்டலாம். ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை, சலூன்களுக்கு விடுமுறை. ரயில்வே ஹெட்கிளார்க் தெருவில் நின்று நகம் கடிக்கவா முடியும்? வீட்டுக்கு ஓடி, குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு வெட்டினார்.

தாழ் சரியாக விழவில்லை.

"ஏன்னா, செவ்வாய்க்கிழமை, விளக்கு வெக்கற நேரம், நகமா வெட்டறேள்?" என்று வந்து நின்றாள் மனைவி அன்னபூர்ணி.

"நகச்சுத்து. டாக்டர் வெட்டச் சொன்னார்."

"எந்த விரல்ல?"

பதற்றத்தில் பத்து விரலையும் நீட்டிவிட்டார்.

உண்மையை எப்படிச் சொல்வார்? மூன்று வாரத்துக்கு முன் தேவராஜ மார்க்கெட்டில், தலையில் மூட்டையோடு ஒரு தடியன் கத்திக்கொண்டே துரத்தி வந்து அன்னபூர்ணியின் பையைப் பிடித்தான். அப்போது பாலசந்திரன் செய்ததைச் சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கிறது. வாழைத்தார்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவள்தான் குடையால் நாலு சாத்துச் சாத்தி அவனை விரட்டினாள். அந்தக் களேபரத்தில் பித்தளை மயில் போட்ட சாவிக்கொத்து தொலைந்து, பூட்டை உடைத்துத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. விசாரித்தவர்களிடமெல்லாம், "அவர் வாழைப்பழம் வாங்கப் போயிருந்தார்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த முறையாவது அவளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்குத்தான் ஜூ-ஜிட்ஸு.

"பத்து விரலுக்குமா நகச்சுத்து! எப்படித் தாங்கிண்டேள்?" என்று அவள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து மூன்று நாளும் பற்றுப் போட்டாள். அந்தக் கரிசனம் வேறு அவரைக் கூனிக் குறுக வைத்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில், கழுவியும் போகாத மஞ்சள் வியர்வையில் ஊறி, நஞ்சுண்டசாமியின் வெள்ளைச் சட்டையில் பத்து விரலாகப் பதிந்தது.

"கல்யாணப் பத்திரிகைக்குத் தடவற மாதிரி தடவிட்டீங்களே ஸ்வாமி! கை சுத்தம்தான் இங்கே முதல் பாடம்."

"நகம்தான் முதல் பாடம்னீங்களே?"

"அது செவ்வாய்க்கிழமைப் பாடம். இன்னொண்ணும் கேட்டுக்குங்க. வலி தாங்கலைன்னா பாயில ரெண்டு தட்டு தட்டுங்க. பிடிச்சவர் உடனே விட்டுடுவார். தட்டறதுக்கு வெட்கமே படக் கூடாது. இதோ, இவரும் புதுசு. ரெண்டு பேரும் பழகுங்க."

பாலசந்திரன் திரும்பினார். அதே கழுத்து, அதே மீசை. மார்க்கெட் தடியன்!

சுற்றிப் பார்த்தார். கிடங்கு மாடியில் வாழைத்தார் எதுவும் இல்லை.

அதற்குள் தடியன் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிப் பாயில் சாய்த்துவிட்டான். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தட்டினால் விட்டுவிடுவான். ஆனால் இவனிடமா? இரண்டாவது தடவையுமா? பல்லைக் கடித்துக்கொண்டார். கடைசியில் கை தானாகவே தட்டியது. இரண்டு அல்ல, பன்னிரண்டு தட்டு.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க சாமி!" என்று அவன் பதறிப்போய் அவரைத் தூக்கி உட்கார வைத்தான். "எம்பேரு பழனிமுத்துங்க. ஹனூருப் பக்கமுங்க. மார்க்கெட்ல மூட்டை தூக்கறனுங்க."

அவமானத்தில் பாலசந்திரனுக்குக் கண் கலங்கியது. "இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுண்டு நீ எதுக்குப்பா இங்கே வந்தே?"

பழனிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். ஆணியில் மாட்டியிருந்த தன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினான். பித்தளை மயில் போட்ட சாவிக்கொத்து.

"ஒரு அம்மா இதைக் கீழ போட்டுட்டுப் போனாங்க. கத்திக் கத்திக் கூப்பிட்டும் நிக்கல. பையைத் தொட்டதுதானுங்க, குடையாலயே வெளுத்துட்டாங்க. கிட்டப் போய்க் கொடுக்கத் தைரியம் வேணுமேன்னுதான் இங்க சேந்தனுங்க. அதுவரைக்கும், அந்தம்மா மார்க்கெட்டுக்கு வந்தா, வாழைத்தாருக்குப் பின்னால போய் உக்காந்துக்கறனுங்க."