பன்னிரண்டாவது சான்றிதழ்

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு அறிவு வளர்ச்சியில் அக்கறை பிறந்தது. சுற்றறிக்கை வந்தது: "ஊழியர் அனைவரும் ஆண்டு இறுதிக்குள் பன்னிரண்டு தொழில்நுட்பக் கூட்டங்களில் பங்கேற்றுச் சான்றிதழ் பெற வேண்டும். தவறுவோர் உபரி ஊழியராகக் கருதப்பட்டு விடுவிக்கப்படுவர்." கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

டேபிள் சார் அதை இரண்டு முறை படித்தார். இருபத்தேழு வருஷமாக அலுவலகத் தகவல்களை டேட்டாபேஸில் டேபிள் டேபிளாக அடுக்கியே அந்தப் பெயரை வாங்கியவர். இன்னும் மூன்று வருஷம் தள்ளினால் ஓய்வூதியம்.

ஞாயிறுதோறும் கிளம்பினார்.

"இந்த வயசுல டியூஷனாங்க?" என்றாள் மனைவி.

"டியூஷன் இல்ல, கம்யூனிட்டி."

"அப்படின்னா?"

"ஃபீஸ் கேக்காத டியூஷன்."

கூட்டங்களில் எல்லோரும் கறுப்பு டீ-ஷர்ட் போட்டிருந்தார்கள். நோட்டும் பேனாவுமாக வந்தவர் டேபிள் சார் ஒருவர்தான். மற்றவர்கள் கண்ணெல்லாம் வாசலில் வருகை பதியும் கருவிமேல் இருந்தது.

பன்னிரண்டாவது கூட்டம். தலைப்பு: 'பழைய டேட்டாபேஸுக்கு விடைகொடுப்போம்'.

"இன்னும் யாராவது பழசை வச்சு அழுறீங்களா?" என்றார் பேச்சாளர். ஒரு கையும் எழவில்லை. டேபிள் சாரின் வலது கையை இடது கை பிடித்து வைத்திருந்தது.

அப்போது பதிவு மேசைப் பெண் குனிந்து வந்து காதருகில் சொன்னாள். "அங்கிள், நீங்க டேட்டாபேஸ் ஆளுதானே? அட்டெண்டன்ஸ் மெஷின் நின்னுபோச்சு."

வெளியே வந்தார். "உள்ளே என்ன ஓடுது?"

அவள் இருபுறமும் பார்த்துக்கொண்டாள். "பழசுதான். சத்தமா சொல்லாதீங்க."

பாதியில் விட்ட ஒரு பதிவு வழியை அடைத்திருந்தது. இருபது நிமிடத்தில் நீக்கினார். இருநூறு பேருக்குச் சான்றிதழ் வந்தது. அவருக்கு வரவில்லை. பேச்சின்போது அரங்கில் இல்லாதவர் பங்கேற்காதவர் என்பது விதி.

"உங்க பேரை நீங்களே சேர்த்துக்கலாமே, அங்கிள்?"

"சேர்க்கலாம்மா. அப்புறம் இதுல இருக்கிற எதையும் நம்ப முடியாது."

மறுநாள் கெடு முடிந்தது. பட்டியல் எடுப்பதும் டேபிள் சார் வேலைதான். அதிகாரி அழைத்தார். "உபரிப் பட்டியல் ரெடியா? எத்தனை பேர்?"

"ரெண்டு பேர் சார். நான் பதினொண்ணு."

"இன்னொருத்தர்?"

"பூஜ்யம் சார்."

"யாருய்யா அந்தச் சோம்பேறி?"

டேபிள் சார் தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

மாலையே அடுத்த சுற்றறிக்கை வந்தது: "கெடு ஒரு வாரம் நீட்டிக்கப்படுகிறது. மேடையில் பேசுவது பன்னிரண்டு கூட்டங்களுக்குச் சமம். பேச்சாளரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது இருபத்துநான்குக்குச் சமம்."

அடுத்த ஞாயிறு டேபிள் சார் மேடையில் நின்றார். கறுப்பு டீ-ஷர்ட் தொப்பையில் இறுகியது. தலைப்பு அதேதான்.

"இன்னும் யாராவது பழசை வச்சு அழுறீங்களா?" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை.

வாசலில் பதிவு மேசைப் பெண் இரண்டு கைகளையும் ஆட்டினாள். மெஷின் மறுபடி நின்றுவிட்டது.

அவர் ஒரு படி இறங்கினார். விதி நினைவுக்கு வந்தது. எல்லோர் வருகையும் பதிவாகாமல் கூட்டம் முடியாது. கூட்டம் முடியாமல் பேச்சாளர் இறங்கினால் அவர் பேசியதாகாது.

ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நின்றுபோவதற்கு அவர் தொழிலில் டெட்லாக் என்று பெயர். ஒருவரைப் பலிகொடுத்தால்தான் மற்றவர் நகர முடியும். இருபத்தேழு வருஷமாக அந்த ஒருவரை அவர்தான் தேர்ந்தெடுத்து வந்தார்.

பலிக்கு இந்த முறை தன்னை விட்டுவிட்டு, எதிரே இருநூறு கறுப்பு டீ-ஷர்ட்டுகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். இறங்கிய படியிலேயே திரும்ப ஏறி, மைக்கைப் பிடித்தார்.

"சரி, அடுத்த ஸ்லைடுக்குப் போகலாம்."