யோசிக்க வேண்டிய காசு

"மூண்டு யூரோ நாப்பது சதம் மிச்சம் தரவேணும்," என்று புஷ்பராணி அக்கா கையை நீட்டினார்.

எசன் நகரத்தில் தமிழ்க் கடை வைத்திருக்கும் தம்பித்துரை காசு லாச்சியைத் திறந்தார். உள்ளே தாள் காசு இருந்தது. இறப்பர் வளையம் இருந்தது. தீர்ந்துபோன பற்றறி ஒன்றுகூட இருந்தது. சில்லறை மட்டும் இல்லை. பக்கத்துப் போத்தலுக்குள் கையை விட்டு ஒரு பிடி ரொபி மிட்டாய் அள்ளி நீட்டினார்.

"போன கிழமையும் இதுதான் தந்தனீர். எனக்குச் சீனி வருத்தமெண்டு எசனிலை தெரியாத ஆள் நீர் ஒருத்தர்தான்."

"பேரப்பிள்ளையளுக்குக் குடுங்கோ அக்கா."

"அதுகளைப் பல்லு டொக்டரிட்டைக் கொண்டுபோறது நானெல்லோ."

கடையில் சில்லறை இல்லை என்றால் பின்னறையில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் மூன்று பால்மா ரின்கள் இருந்தன. ஒன்றில் "வைக்கிறது", அடுத்ததில் "யோசிக்கிறது", மூன்றாவதில் "விடுறது" என்று தம்பித்துரையே எழுதி ஒட்டியிருந்தார்.

எல்லாம் கைப்பேசியில் பார்த்த ஒரு வீடியோவால் வந்த வினை. வங்கியில் காசை அடுக்கித் தாளில் சுற்றித் தரும் றோலில் கிடந்த பழைய இரண்டு யூரோக் காசை ஒருவர் கார் விலைக்கு விற்றாராம். மறுநாளே தம்பித்துரை வங்கிக்குப் போய் ஒரு றோல் வாங்கி உடைத்தார். இருபத்தைந்து காசில் பதினான்கு, 2002ஆம் ஆண்டுக் காசு. யூரோக் காசு கைக்கு வந்த முதல் வருஷம். முதல் வருஷமென்றால் பழசு, பழசென்றால் விலை. அந்த வருஷம் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியதால்தான் றோலுக்கு றோல் அது கிடக்கிறது என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

2002 எல்லாம் "வைக்கிறது" ரின்னுக்குள் போனது. மற்றதெல்லாம் "யோசிக்கிறது". "விடுறது" ரின் வாங்கிய நாள் மாதிரியே வெறுமையாக இருந்தது. மனம் வந்தால்தானே விடுவதற்கு.

இதுவரைக்கும் பரவாயில்லை. ஆனால் முதல் பதினெட்டு றோலையும் அவர் வாங்கியது விமான ரிக்கெற்றுக்கு வைத்திருந்த காசில்.

மனைவி யோகத்தின் அக்கா கனடாவில் இருக்கிறார். இருவரும் நேரில் பார்த்துப் பத்தொன்பது வருஷம். அடுத்த மாதம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். "ரெண்டு பேரும் போவமப்பா," என்று யோகம் கேட்டபோது, "கடையை ஆர் பாக்கிறது? ஒரு ரிக்கெற்றே பெரிய காசு," என்று தம்பித்துரை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்த ஒரு ரிக்கெற்றுக்கான தொள்ளாயிரம் யூரோவை எதிர்க்கடைத் துஷானியிடம் கட்டும் பொறுப்பும் அவருடையதுதான். துஷானி பயண முகவர்.

"ரிக்கெற் காசு எங்கை?" என்று ஒருநாள் யோகம் கேட்டாள்.

"பத்திரமாக் கிடக்கு. வளருது."

யோகம் ரின்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு சண்டைக்குத் தம்பித்துரை தயாராக நின்றார். அவளோ பருப்பு நிறுக்கப் போய்விட்டாள்.

அடுத்த நாளிலிருந்து ஆளே மாறிவிட்டாள்.

"இஞ்சேர், இதைப் பாரும். 2010. விடுவமோ?" என்று தம்பித்துரை ஒரு காசை நீட்டினார்.

"விடாதேங்கோ."

"கறுத்துக் கிடக்கு."

"கறுத்தால்தானே பழசு. வையுங்கோ."

முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவருடைய ஒரு யோசனைக்கு அவள் ஒத்து நின்றது இதுதான் முதல் தடவை. தம்பித்துரைக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அந்த உற்சாகத்தில், ரிக்கெற் காசு முடிந்ததும் கடைக் காசில் றோல் வாங்கத் தொடங்கினார்.

றோல் ஒவ்வொன்றுக்கும் வங்கி தனியாகக் கட்டணம் எடுத்தது. "இந்தக் கிளையில் சில்லறை வேலை இரண்டே பேருக்குத்தான்," என்று வங்கிப் பெண் லாரா சிரித்தாள். "ஒருவர் கொண்டுவருகிறார், நீங்கள் கொண்டுபோகிறீர்கள்."

போட்டிக்கு ஆளில்லை என்பது தம்பித்துரைக்குப் பெரிய ஆறுதல். அதோடு றோல்களும் நாளுக்கு நாள் திறமாகிக்கொண்டே வந்தன. இப்போதெல்லாம் உடைத்தால் இருபத்தைந்தும் 2002. காசுக்கும் தன்னைப் பிடித்துவிட்டது என்று அவர் நம்பினார்.

கடைக்கு வருகிறவர்களுக்குத்தான் அவரைப் பிடிக்காமல் போனது. ரொபி செல்லாது என்று ஆனதும், சில்லறையே தேவைப்படாதபடி எல்லாவற்றையும் ஐந்து யூரோப் பொதிகளாகக் கட்டினார். கறிவேப்பிலை, கத்தரிக்காய், ஊதுபத்தி ஒரு பொதி.

"எனக்குக் கறிவேப்பிலை மட்டும் காணும்," என்றார் புஷ்பராணி அக்கா.

"தனியத் தர ஏலாது அக்கா."

"அப்ப எனக்கும் வர ஏலாது," என்று அவர் அடுத்த தெருக் கடைக்குப் போனார். பின்னாலேயே பாதி எசன் போனது.

அந்த வாரம் வீட்டில் இரண்டு பயணப் பெட்டிகள் திறந்து கிடந்தன. யோகம் மிளகாய்த்தூளைப் பொட்டலம் கட்டி ஒன்றுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒராளுக்கு என்னத்துக்கு ரெண்டு பெட்டி?"

"சாமான் கனக்க," என்றாள் அவள் நிமிராமல்.

அவள் அக்காவுக்கென்று வாங்கிய சேலையைத் தடவி மடித்து வைத்ததைத் தம்பித்துரை பார்த்துக்கொண்டு நின்றார். ரிக்கெற் இல்லாமல் இவள் பெட்டி அடுக்குகிறாளே என்று தன்மீதே வெறுப்பு வந்தது. இனி யோசிக்க ஒன்றுமில்லை, விற்றே ஆகவேண்டும்.

"வைக்கிறது" ரின்னின் மேலேயிருந்து திறமான பத்துக் காசை எடுத்துக்கொண்டு பக்கத்து நகரமான டுசல்டோர்ஃபில் இருக்கும் நாணய வியாபாரியிடம் போனார். கிழவர் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

"நல்ல காசு. ஒவ்வொன்றும் இரண்டு பெறும்."

"இரண்டாயிரமோ?"

"இரண்டு யூரோ."

"அப்ப, வச்சிருக்கலாமோ?"

"மூலைக் கடையில் கோப்பி நன்றாயிருக்கும்," என்றார் கிழவர். "அங்கே கொடுங்கள்."

திரும்பி வந்த தம்பித்துரை நேரே பின்னறைக்குப் போய், மூன்று ரின்களையும் சுமந்துகொண்டு தெருவைக் கடந்து துஷானியின் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, யோகத்தின்ரை ரிக்கெற்றுக்கு இதிலை எடும். அவவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேயும்."

"அண்ணை, ஒரு தரத்துக்கு அம்பது காசுக்கு மேலை நான் எடுக்கத் தேவையில்லை. சட்டம் அப்பிடி."

"சட்டத்தை விடும். எண்ணும்." அவர் முதல் ரின்னைக் கவிழ்த்தார்.

மேலே இருந்த ஒரு படை காசு கலகலவென்று விழுந்தது. அதன் பின்னால் மைசூர்ப் பருப்பு கொட்டியது. இரண்டாவது ரின்னில் காசுக்குக் கீழே கடலை. இரண்டும் அவர் கடைச் சரக்கு. தம்பித்துரை கடலைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"கள்ளன் பூந்திட்டான். பொலிசுக்குப் போன் அடியும் பிள்ளை."

துஷானி தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "இருங்கோ அண்ணை. ரிக்கெற் எப்பவோ எடுத்தாச்சு. யோகமக்கா இந்த ரின்களிலையிருந்து நாளுக்கு அம்பது காசா, நூறு யூரோவாக் கொண்டுவந்து ஒன்பது நாளிலை கட்டி முடிச்சிட்டா. பின்னேரத்திலை நான் அதைக் கொண்டுபோய் வங்கியிலை போட்டிடுவன்."

தம்பித்துரைக்கு லாராவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது; "ஒருவர் கொண்டுவருகிறார்" என்றது இவளைத்தான். மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"அப்ப, அதுக்குப் பிறகு நான் கடைக் காசிலை எடுத்த றோலெல்லாம்?"

துஷானி கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். யோகத்தின் பெயருக்குக் கீழே அவருடைய பெயர் இருந்தது.

"நாளைக்கு இன்னும் நாலு றோல் எடுத்தியளெண்டால், உங்கடை ரிக்கெற்றும் முடிஞ்சிடும் அண்ணை."