ஊர்விலக்குத் தடைச் சட்டம் வேண்டாம் என்று தம்பிக்கு எழுதியது

நெல்லிவாசல்நாடு,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி ஜீவானந்தத்துக்கு, அக்கா ரேணுகாதேவி எழுதுவது. முதுகைத் தவிர நான் நலம். நீயும் சிவசங்கரியும் நலம் என்று நம்புகிறேன். போனில் அப்படித்தான் சொன்னீர்கள், நான் சரிபார்க்கவில்லை.

ஒரு மனிதரை ஊர் ஒதுக்கி வைப்பது குற்றம் என்று மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் நம் மாநிலத்திலும் சட்டம் வரவேண்டும் என்று உங்கள் வக்கீல் குழு தயாரித்த வரைவைப் படித்தேன். மலையில் பாடம் நடத்துகிறவள் என்பதால் என் கருத்தைக் கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். உட்கார முடியாததால் நின்றபடி எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

என் பக்கத்து வீட்டு மாதம்மாளை ஊர் ஒதுக்கி வைத்திருக்கிறது. அவளுடைய மகளை மருமகன் அடித்தான். இங்கே முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்வதுதான் முறை. அவளோ நேராக ஜீப் ஏறிக் கீழே போய் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். கோயில் முன்னால் நின்று ஊரைக் கும்பிட்டுத் தப்பு என்று சொன்னால் சேர்த்துக்கொள்வார்களாம். "அடிச்சவன் நிமிந்து நடக்கிறான், நான் எதுக்குக் கும்புடணும்?" என்கிறாள். ஆகவே அவளோடு யாரும் பேசக் கூடாது, அவளுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. நான் போளூர்க்காரி, ஊரில் சேர்த்தி இல்லை, அந்தக் கட்டுப்பாடு என்னைக் கட்டாது. அதனால் ஊருக்கும் அவளுக்கும் நடுவே டெலிபோன் கம்பியாகிவிட்டேன். ஊர்ப் பெரியவர் லட்சுமணன் வாசலில் வந்து நிற்பார். மாதம்மாள் கை எட்டும் தூரத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். "டீச்சர், அந்தம்மா மாடு என் கொல்லையில மேயுதுன்னு சொல்லுங்க" என்பார். "வேலி போடத் துப்பில்லாதவன் கொல்லையில மாடு வேற இன்னா பண்ணும்னு கேளுங்க டீச்சர்" என்பாள் அவள். நான் இரண்டையும் நாகரிகப்படுத்திச் சொல்ல, இருவரும் என்னைத்தான் முறைப்பார்கள். ஜீப் ஓட்டுகிற சக்திவேல் அவளை ஏற்ற மாட்டான், ஆனால் என் சாமான்களை ஏற்றுவான். "டீச்சர், உங்க மூட்டையப் பின்னாடி ஏறி உக்காரச் சொல்லுங்க" என்றான் ஒருநாள், என்னோடு நின்ற மாதம்மாளைப் பார்க்காமலே. மூட்டை ஏறி உட்கார்ந்து வழியெல்லாம் அவன் ஓட்டும் லட்சணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தது.

இதற்குள் அவளுடைய நிலத்தில் சாமை முற்றிவிட்டது. மழை எந்த நேரமும் இறங்கும் போலிருந்தது. தாமதித்தால் மணியெல்லாம் மண்ணில் உதிர்ந்துவிடும், வருஷச் சாப்பாடே போய்விடும். இங்கே கூலிக்கு ஆள் கிடையாது. இன்று எல்லோரும் உன் கொல்லையில், நாளை எல்லோரும் என் கொல்லையில் என்றுதான் அறுவடை. ஒதுக்கி வைக்கப்பட்டவளின் கொல்லைக்கு யார் வருவார்? நான் புலம்பிக்கொண்டிருந்தபோது லட்சுமணன் வந்து தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், உங்க கொல்லையில சாமை முத்திப்போச்சே, பாக்கலீங்களா?"

"எனக்கு ஏதுங்க கொல்லை?"

"அதான், ஓடைக்கு அந்தாண்ட இருக்குதே."

"அது மாதம்மாளோடது."

"யாருங்க அது? அப்படி ஒரு ஆளு இந்த ஊர்ல எனக்குத் தெரியலியே."

எனக்குப் புரிய நேரமாயிற்று. அரசியல் அறிவியலில் எம்.ஏ. வாங்கியவள், அப்படித்தான் இருக்கும். மறுநாள் ஊரே அரிவாளோடு வந்து 'டீச்சர் கொல்லை'யை அறுத்துத் தள்ளியது. மாதம்மாள் வரப்பில் நின்று, "டீச்சர், அடியோட ஒட்டி அறுக்கச் சொல்லுங்க, இன்னா கிராப்பா வெட்டுறாங்க?" என்று அதட்டினாள். நான் வாயைத் திறக்கும் முன்பே எல்லோரும் குனிந்து அடியோடு ஒட்டி அறுத்தார்கள். யார் காதிலும் எதுவும் விழவில்லை, அது கட்டுப்பாடு. சாமை பத்திரமாக வீடு சேர்ந்தது. அன்று மாலையே லட்சுமணன், "நாளைலேர்ந்து நீங்க எங்க கொல்லைக்கெல்லாம் வரணும் டீச்சர், அதாங்க முறை" என்றார். காலாண்டு விடுமுறை முழுக்க வீட்டுக்கு வீடு அறுத்தேன் தம்பி. அறுத்தேன் என்று நான் சொல்கிறேன், அவங்க வேற மாதிரி சொல்றாங்க. என் பின்னால் ஒரு பெண் நான் விட்டுவிட்டுப் போனதை அறுத்துக்கொண்டே வந்தாள். இப்போது குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை.

ஆனாலும் யோசித்துப் பார். உன் சட்டம் வந்திருந்தால் லட்சுமணனும் சக்திவேலும் ஜெயிலில் இருந்திருப்பார்கள், சாமை மண்ணில் கிடந்திருக்கும். ஊர் கதவைச் சாத்துகிறது, தாழ்ப்பாளைப் போட மறந்துவிடுகிறது. உங்கள் பிரிவு, உட்பிரிவெல்லாம் வந்தால் இந்த மறதி இருக்காது. மனித உரிமையை எப்படியோ இவங்களே பாத்துக்கறாங்க, வுட்டுடு.

சிவசங்கரிக்கு என் அன்பு. இருவரும் நல்ல உடம்போடும், முக்கியமாக நல்ல முதுகோடும், நீண்ட நாள் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா.

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டும்போது லட்சுமணன் வந்தார். சந்தோஷமான சேதி என்றார். "எல்லார் கொல்லையிலயும் கை வெச்சிட்டீங்க டீச்சர். இனிமே நீங்களும் ஊர்ல ஒருத்தர்னு பேசி முடிவு பண்ணிட்டோம்." எனக்குக் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. "அதனால இனிமே பக்கத்து வூட்டாண்ட பேச்சு வெச்சுக்காதீங்க. கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளோடு பேச இதுவரை இருந்தது நான் ஒருத்திதான். மாதம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், ரசத்துக்குப் புளி இருக்குதா?" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. தெருவில் ஆட்கள் நின்றார்கள். நான் பதில் சொல்லச் சற்று நேரமானது என்பதை எழுதத்தான் வேண்டும். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இருக்கு, உள்ள வா" என்றேன். இன்று காலையில் சக்திவேல் எனக்கு ஜீப்பை நிறுத்தவில்லை.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. அந்த வரைவில் நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? தபாலில் அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஆள் வேண்டும்.