மொட்டை மாடியில் மாட்டிக்கொண்ட தலைவர்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். என் முதுகுத் தோல் மட்டும் நலமில்லை. மகளும் பேரனும் சௌக்கியமென்று நம்புகிறேன்.

வெயிலைச் சமாளிக்க அந்தந்தத் தெருக்காரர்களே வழி சொல்லுங்கள், மரக்கன்றோ மாடிக்கு வெள்ளைப் பூச்சோ, பொருளை நாங்கள் தருகிறோம் என்று மாநகராட்சி கூட்டம் போட்டது. என் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் மரம் நடக் கூடாது என்று சொல்லத்தான் போனேன். முக்கால் மணி நேரம் பேசினேன். "இவ்வளவு அக்கறை வேற யாருக்கு இருக்கு?" என்று கைதட்டி என்னையே குழுத் தலைவராக்கிவிட்டார்கள். தவளை மட்டுமா தன் வாயால் கெடும்? மறுக்கலாமென்று எழுந்தால், நம் மேல்மாடியில் தையல்கூடம் நடத்தும் அம்மா, "ஐயா, மத்தியானம் கத்தரிக்கோலத் தொட முடியல. நேத்து எங்க பொண்ணு ஒருத்தி மெஷின் மேலயே மயங்கி விழுந்துட்டா" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரன் நான்தானே? "முதல்ல என் மொட்டை மாடிக்கே வெள்ளையடிங்க" என்று சொல்லிவிட்டேன்.

பூச்சு வந்து இறங்கிவிட்டது, அடிக்கிற ஆள் மறுநாள்தான் வருவாராம். தலைவருக்குப் பொறுக்குமா? நானே பிரஷை எடுத்து, படிக்கட்டு வாசலில் தொடங்கி, பூசிக்கொண்டே பின்னால் நகர்ந்து, தண்ணீர்த் தொட்டி முதுகில் இடித்தபோதுதான் புரிந்தது: வாசல் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி, நடுவில் முழுக்க ஈரம். உங்கள் அத்தையைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்து, "மிதிச்சீங்கன்னா மறுபடியும் நீங்கதான் அடிக்கணும். காயற வரைக்கும் அங்கயே நில்லுங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். பக்கத்து மாடிகளிலெல்லாம் தலைகள் முளைத்தன. "என்ன சார், வீட்ல சண்டையா?" மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே! வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கீழே அறை குளிரும் என்று விளக்கத் தொடங்கினேன். வேறு வேலையும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து நான் இறங்கும்போது பதினொரு வீட்டார் தங்கள் மாடிக்கும் வெள்ளையடிக்கப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் அந்த அம்மா, மாநகராட்சி தந்த வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "நாலு டிகிரி கொறைஞ்சிருக்குங்க ஐயா! பொண்ணுங்க பாடிக்கிட்டே தைக்குதுங்க!" எனக்குக் கண் கலங்கியது, தூசி என்று சமாளித்தேன். இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, என்னை வெயிலில் நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள்.

எழுபது வயதில் இது எனக்குத் தேவையா? மாநகராட்சியில் உங்கள் சிநேகிதர் இருக்கிறாரே, அவரிடம் சொல்லி இந்தப் பதவியிலிருந்து என்னை எப்படியாவது மீட்டுவிடுங்கள். மகளுக்கு ஆசிகள், பேரனுக்கு முத்தங்கள், உங்களுக்குக் கைகூப்பிய வேண்டுகோள்.

இப்படிக்கு,
பாதி வெந்த மாமனார்

பி.கு.: சிநேகிதரிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள். எனக்குப் பதிலாக எதிர்வீட்டுக்காரரைத் தலைவராக்கப் பேச்சு நடக்கிறதாம். நான் உயிரோடு இருக்கும்போதா? வெள்ளையடிக்கும் பட்டியலில் உங்கள் மாடியையும் சேர்த்துவிட்டேன். ஞாயிறு காலை பிரஷோடு வருகிறேன்.