மைசூரில் மூன்று நாள் காவல்

இனி இந்த வீட்டில் உதயகுமார் என்ற பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே நான் எடுத்த சபதம் இது. மாட்டைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

உதயகுமார், மைசூரிலிருந்து எங்கள் ஹனூர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வரும் தொண்டு நிறுவனத்துக்காரர். ஆணும் பெண்ணும் சமம் என்று ஊர் ஊராகச் சங்கம் வைத்துச் சொல்பவர். சொல்லட்டும். அதை என் மனைவி ஜோதிமணி வீட்டுக்கு வந்து ஏன் சொல்ல வேண்டும்?

"உதயகுமார் சார் அவரு தட்டை அவரே கழுவுவாராமுங்க."

"அவரு ஊட்ல தண்ணி அதிகமா வருமாட்ட இருக்குது."

"சம்சாரம் துணியக்கூடத் தொவைப்பாராமுங்க."

"வேற வேலைவெட்டி இல்லையாக்கும்."

"எப்பவும் சிரிச்ச மொகமாவே பேசறாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், மறைப்பானேன்? கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் முகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த இடி ஆவணியில் விழுந்தது. மைசூர் விஜயநகரில் சங்கத்துப் பெண்களுக்கு மூன்று நாள் பயிற்சியாம்.

"நானும் வாரேன்."

"நீங்க எதுக்குங்க? சார் எங்களை நல்லாப் பாத்துக்குவாருங்க."

"அதுக்குத்தான் வாரேன்."

எவ்வளவோ தடுத்தாள். தடுக்கத் தடுக்க என் சந்தேகம் கொழுத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பது என்று முடிவு கட்டி, அவளுக்கு முன்பே பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மைசூரில் பயிற்சிக் கூடத்து வாசலிலேயே உதயகுமார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மாரிசாமி! தும்ப சந்தோஷ!" என்று கன்னடம் கலந்து ரொம்ப சந்தோஷப்பட்டார். பிறகு பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். நாலு தூளி, பதினோரு குழந்தைகள்.

"அம்மாக்கள் நிம்மதியா உக்காந்து கேக்கணும் பாருங்க. இதுகளைப் பாத்துக்க ஒரு ஆம்பளை கிடைப்பாரான்னு ரெண்டு வருஷமாத் தேடறோம்."

ஜோதிமணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டுக் கழுவும் ஆளுக்கு நான் சளைத்தவனா?

"இவ்வளவுதானுங்களா?" என்றேன்.

மூன்று நாள். தூளி ஆட்டினேன். ராகிக் கூழ் ஊட்டினேன். மூக்குத் துடைத்தேன். மற்றதை வெளியில் சொல்ல முடியாது. கூடத்தில் ஜோதிமணி சிரிப்பது கேட்கும். என்னவென்று பார்க்க எழும்போதெல்லாம் மடி நனைந்துவிடும். மூன்று நாளில் அந்தக் கூடத்தை நான் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கேட்டே விட்டேன்.

"இப்பச் சொல்லு புள்ள. உங்க சார் ஒசத்தியா, நான் ஒசத்தியா?"

"நீங்கதானுங்க. சார் நாலு புள்ளைக்கு மேல சமாளிச்சதில்லையாமுங்க."

எனக்கு மைசூர் அரண்மனையையே எழுதி வைத்த மாதிரி இருந்தது. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

"அப்பறம் ஏன் பொழுதினிக்கும் அந்தாளு புராணமே பாடினே?"

"வாங்கன்னு கூப்பிட்டா வந்திருப்பீங்களா? 'இன்னொரு ஆம்பளையப் புகழ்ந்துட்டு, வராதீங்கன்னு சொல்லு, தானா வருவாரு'ன்னு சார் சம்சாரம் உமாதேவியம்மாதானுங்க சொல்லிக் குடுத்தாங்க. சாரை அவங்க இந்த வேலையில சேர வெச்சதே அப்பிடித்தானாமுங்க."