முகத்தில் தெரியக் கூடாது

"எலி கடிச்சிருக்கு மேரி," என்றான் ஜோசப், மாதா கோயிலின் காலால் மிதிக்கிற ஆர்மோனியத்துக்குள் தலையை விட்டபடி. "துருத்தியில கட்டை விரல் நுழையற ஓட்டை."

நாளைக் காலை பிரான்சிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார். கும்மிடிப்பூண்டி கம்ப்ரஸர் தொழிற்சாலையில் அவரைப் பிரெஞ்சு சங்கீதத்தோடு வரவேற்க வேண்டும் என்பது மேனேஜர் ஆதிகேசவனின் ஆசை. பூசைக்கு ஆர்மோனியம் வாசிக்கிற ஸ்டோர் கிளார்க் ஜோசப் அகப்பட்டான். நன்றாக வாசித்தால் வேலை நிரந்தரம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். நாலு வருஷமாகத் தற்காலிகமாகவே காலம் தள்ளுகிறவன் வேண்டாம் என்றா சொல்வான்?

"சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டுங்க," என்றாள் மனைவி ஆரோக்கியமேரி. ஆரணியில் கொல்லுப்பட்டறைக்காரர் மகள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்குத் துருத்தி அமுக்கியவள்.

ஒட்டினான். சாயங்காலம் ஆர்மோனியத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் ஒத்திகை பார்த்தபோது, காற்று ஏறியதும் ஒட்டு பிய்த்துக்கொண்டது. கூடவே மக்கிப்போன தோலும் வந்துவிட்டது. இப்போது முஷ்டியே நுழையும். இனி ஒட்டுவதற்கு இடமும் இல்லை. ஜோசப் ஓங்கி ஓங்கி மிதித்தான். சட்டை தொப்பலாக நனைந்தது.

ஆதிகேசவன் முகம் சுளித்தார். பாண்டிச்சேரியில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். பிரெஞ்சில் தெரிந்தது 'போன்ஜூர்' ஒன்றுதான். அபிப்பிராயத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"இன்னாய்யா, ஏத்தம் எறைக்கிறியா? பிரெஞ்சு சங்கீதம்னா கஷ்டம் முகத்துல தெரியக் கூடாது. சும்மா உட்கார்ந்துக்கினு இருக்கற மாதிரி இருக்கணும்."

மிதி சத்தமாவது கேட்காமல் இருக்கட்டும் என்று ஜோசப் மிதிகட்டைக்குக் கீழே தலையணை வைத்தான். கட்டை பாதிதான் இறங்கியது. சங்கீதம் இருமியது.

"பேஜாராப் போச்சு மேரி. பெர்மனெண்டாவது ஒண்ணாவது."

"அழுவாதீங்க. விரலை நீங்க பார்த்துக்குங்க, காத்தை நான் பார்த்துக்கறேன்."

"எங்க உட்கார்ந்துக்கினு?"

"அடியிலதான்."

மறுநாள் விரல் கட்டைகளை மட்டும் விட்டு, கேன்டீன் மேசை விரிப்பை ஆர்மோனியத்தின் மேல் தரை தொடப் போர்த்தினார்கள். ஒன்பதரைக்கு மேரி உள்ளே போனாள். பிரெஞ்சுத் துரை வந்தது பதினொன்றரைக்கு. மே மாத வெயில். அந்த இரண்டு மணி நேரம் அவள் பட்ட பாட்டைப் பற்றி எந்த மேனேஜருக்கும் அபிப்பிராயம் கிடையாது.

ஜோசப் கஞ்சி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தான். காலுக்கு வேலை இல்லையே, கால் மேல் கால் போட்டுக்கொண்டான். ஆதிகேசவன் பூரித்துப்போனார்.

இசைக் குறிப்பின் முதல் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

"இன்னும் எத்தினி பக்கம்?" என்றது விரிப்புக்குள்ளிருந்து ஒரு முனகல்.

"ரெண்டு," என்றான் ஜோசப், பல் தெரியச் சிரித்தபடியே.

"கை உட்டுப்போவுது. சீக்கிரம் முடிங்க."

"மெதுவாத்தான் வாசிக்கணும்னு போட்டிருக்கு."

"போட்டவனை வந்து அமுக்கச் சொல்லுங்க."

இரண்டாம் பக்கத்தில் துரை நாற்காலியை விட்டு எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு கிட்டே வந்தார். காதை ஆர்மோனியத்தோடு ஒட்டிவைத்தார். பிறகு பொத்தென்று மண்டியிட்டார்.

"உருகிட்டாரு," என்று ஆதிகேசவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துரை விரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நாலு வருஷ வேலை அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் ஜோசப் சிரித்தான், விரலை நிறுத்தவில்லை, மூன்றாம் பக்கத்தையும் முடித்துவிட்டான்.

எல்லாரும் கை தட்டினார்கள். துரை எழுந்து, டைப்பிஸ்ட் விக்டோரியாவிடம் படபடவென்று பிரெஞ்சில் பேசினார். விக்டோரியா பாண்டிச்சேரிப் பெண். அவள் தயங்கினாள்.

"பாட்டு எப்படின்னு சொல்றாரும்மா?" என்றார் ஆதிகேசவன்.

"பாட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலை சார். பெட்டியில அவ்வளவு பெரிய ஓட்டை, காத்து புஸ்ஸுன்னு போய்க்கிட்டே இருக்கு. ஆனா அழுத்தம் இம்மியும் இறங்கலையாம். இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கம்ப்ரஸரைப் பார்த்ததே இல்லையாம். உள்ளே இருக்கிறது எந்த ஊர்த் தயாரிப்புன்னு கேக்கறார்."

விரிப்பு மெல்ல அசைந்தது.

"ஆரணித் தயாரிப்புன்னு சொல்லு தங்கச்சி," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "எங்க ஊட்டுக்காரரைப் பெர்மனெண்ட் பண்ணாத்தான் மறுபடி ஓடும்."