வெள்ளரிக் குடிலில் சம்பந்திக்கு ஒரு பாடு

பழவேற்காடு ஏரிக்கரை,
வியாழக்கிழமை

காட்டூரில் களத்துமேடும் டிராக்டருமாகச் செழித்து விளங்கும் மதிப்புக்குரிய சம்பந்தி தசரதன் அவர்களுக்கு, தங்கள் மருமகள் வித்யாவின் தகப்பன் அங்கமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி அங்காளம்மாளும், என் முழங்கால் நீங்கலாக, சுகம். அங்கே வித்யாவும் அவள் வயிற்றில் இருப்பதும் சுகமென்று மாப்பிள்ளை பிரசாந்த் சொல்லக் கேட்டு மனம் குளிர்ந்தோம். போன் செய்தால் எடுப்பதற்குள் தாங்கள் வயலுக்குப் போய்விடுவதால், இதை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வித்யாவுக்கு வளைகாப்பு. சம்பந்தியம்மாவை அனுப்புவதாகவும் தாங்கள் வருவதற்கில்லை என்றும் தகவல் வந்தது. பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொண்ட கல்யாணம் என்று தங்களுக்கு முதலில் ஒரு வருத்தம் இருந்தது, அதுவும் தீர்ந்துபோனது, எங்கள் மகளைத் தாங்கள் பெற்ற மகளாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் இன்றுவரை எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. கேட்டால், சிறுவாபுரி முருகனுக்கு வேண்டிக்கொண்டு கவுச்சியை விட்டவன் நான், உங்க வீட்டுக்கு வந்து இன்னாத்த சாப்புடறது என்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் சம்பந்தி, மீன்பிடியை விட்டுக் கரையில் நிற்கிற இந்த வயதில் தோட்டம் போட்டேன். எங்கள் கொல்லையில் விளைந்த காயைச் சமைத்துத் தங்களுக்கு ஒரு இலை போட்டுப் பார்க்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

எங்கள் மண்ணைத்தான் தாங்கள் அறிவீர்களே, உப்பு பூத்துக் கிடக்கும். மீஞ்சூர் கம்பெனிக்குப் போகிற என் மகன் வினோத், மண்ணே வேணாம் நைனா, தண்ணியிலயே வளத்துடலாம் என்றான். தண்ணீர் என்று கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஊரில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த மூங்கிலை நட்டு, பாலித்தீன் போர்த்தி, உள்ளே ஓட்டை போட்ட பிவிசி குழாய்களை வரிசையாகக் கட்டினோம். தொட்டியில் சத்து மருந்து கலந்த தண்ணீரை மோட்டார் இழுத்துக் குழாய்க்குள் ஓடவிட்டு மறுபடி தொட்டிக்கே கொண்டுவரும். பசுமைக்குடில் என்று பெயர். முதல் தடவை நான் நம்ம கொல்லை போர்வெல் உப்புத் தண்ணியையே ரொப்பிட்டேன், நாத்தெல்லாம் கருவாடாப் போச்சு. அப்புறம் லாரித் தண்ணி வாங்கி ஊத்தினோம், வெள்ளரி கொடி வீசிச்சி, வெண்டை பூ வெச்சிச்சி, அந்த நேரம் பாத்து கத்திரி வெயில் வந்து சேந்துச்சி. பாலித்தீனுக்கு மேல ஊர்ல கிழிஞ்ச வலையையெல்லாம் வாங்கி நாலு மடிப்பாப் போட்டும் தொட்டித் தண்ணி ரசமாட்டம் கொதிக்குது. வேர் சூடு தாங்காது நைனா, தண்ணிய ஜில்லுனு வெச்சிக்கோன்னு சொல்லிட்டு வினோத் ரயிலேறிட்டான். ஜில்லுனு வெக்கறது எங்களுக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டு சரோஜாவோட மீன் பெட்டியில மிச்சம் இருந்த ஐஸ அள்ளித் தொட்டியில கொட்டினேன். செடிக்கு உசுரு வந்துடுச்சி. ஆனா முதல் வெள்ளரிக்காய நறுக்கி வாயில போட்டா சுத்தமான கானாங்கெளுத்தி மீன் வாசனை. அது தண்ணி குத்தமா, நான் நறுக்கின மீன் கத்தி குத்தமான்னு வினோத்துக்கு இன்னிக்கும் சந்தேகந்தான். அங்காளம்மாள் தங்களை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அதிலிருந்து ஐஸை கேனில் போட்டு, வாயை இறுக்கி மூடித்தான் தொட்டியில் மிதக்க விடுகிறோம், கத்தியும் புதுசு, தாங்கள் பயப்பட வேண்டாம்.

வாசனை போனதும் வேற வம்பு வந்துச்சி. எங்க ஏரியில இறால் படற எடத்த ஆளாளுக்கு அள்ள முடியாது சம்பந்தி, ஊர்ல எத்தினி தலைக்கட்டோ, அதான் குடும்பம், அத்தினி பேருக்கும் முறை வெச்சி, முறை வந்தவன்தான் அன்னிக்கு எறங்குவான், அதுக்குப் பேரு பாடு. ஒரு நாள் காலையில பாத்தா சரோஜா என் குடிலுக்குள்ள நின்னுக்கினு மடி நெறய வெண்டைக்காய் பறிக்குது. இன்னாம்மா இதுன்னேன். அது கொஞ்சமும் பதறாம சொல்லிச்சி: "தண்ணி கீது, மேல வல கீது, மூங்கிலு எங்களுது, ஐஸும் எங்களுது. எறங்கிக் கையாலதான எடுக்கறோம். இது பாடு இல்லாம இன்னாண்ணா?"

நான் ஊர்த் தலைவரிடம் போய் முறையிட்டேன். ஊர்க்கூட்டம் போட்டார்கள். அங்கே மூங்கில் கொடுத்தவர்களெல்லாம் சரோஜா பக்கமே தலையாட்டினார்கள். ஆகவே என் கொல்லை வெள்ளரிக்கும் வெண்டைக்கும் பாடு கட்டிவிட்டார்கள், எனக்கும் எல்லோரையும் போல ஒரு முறை. முதலில் வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் முறைக்காரர்களே ஐஸ் கொண்டுவந்து, மோட்டார் பார்த்து, ஓட்டை வலையைத் தைத்து, எனக்கும் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். தினம் காலையில் கொல்லையில் பத்துப் பேர் பேச்சு. கரையில் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு இது எவ்வளவோ தேவலை, சந்தோஷமாகவே இருக்கிறேன்.

ஆனா ஞாயித்துக்கிழமை வேற ஆளோட முறை வருது. அன்னிக்கி என் சம்பந்திக்கு எல போடணும், எனக்கு மாத்தி வுடுங்கன்னு கூட்டத்துல கேட்டேன். முறைய மாத்தற வழக்கம் இல்ல, வெளியூர் ஆளுக்கு ஏரியில மட்டும் இல்ல, வெண்டைக்காயிலயும் பங்கு கெடையாதுன்னுட்டாங்க. எங்க கூட்டத்துல பொம்பளைங்க பேசறதில்ல சம்பந்தி. அங்காளம்மாள் வேலிக்கு அந்தாண்ட நின்னுக்கினுதான் கேட்டா: "நம்ம பொண்ணு வயித்துல கீற புள்ளைக்குத் தாத்தா வெளியூர் ஆளா?"

கூட்டத்தில் எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஊர்த் தலைவர், "காட்டூர் தசரதன், ஒரு தலைக்கட்டு, ஞாயித்துக்கிழமை பாடு அவருது" என்றார். அன்றைக்கு முறை இருந்தவரும் சரி என்றார். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் வெளியாளுக்குப் பாடு கொடுத்ததே இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன், அழுதேன் சம்பந்தி. பாடு வந்தவர் தானே நேரில் வந்து எடுக்க வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது, அவர் வராவிட்டால் அன்றைக்கு வேறு யாரும் ஒரு பிஞ்சைக்கூடத் தொடக் கூடாது. ஆகவே தாங்கள் வராமல் தீராது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஏரிக்காற்றும் வயற்காற்றும் ஒருசேர வாய்க்கட்டும். தங்கள் நெல் மணி மணியாய் முற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்க்கும்
அங்கமுத்து

பின்குறிப்பு: மாப்பிள்ளையிடம் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். இன்னிக்கு மத்தியானம் பூரா கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. முறைக்காரர் கண்ணசந்துட்டார். குழாயில தண்ணி வத்தி வெண்டை, வெள்ளரி எல்லாம் வெந்து தொங்குது, தேறினது ஒரே ஒரு வெள்ளரிப் பிஞ்சு. அதனால இன்னா, ஏரியில வெறும் வலையோட திரும்பற நாளும் எங்களுக்குப் பாடுதான், உங்க பாடு உங்களுக்கு அப்படியே கீது. வரும்போது மட்டும் உங்க தோட்டத்துல கத்திரிக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய், கூட ஒரு கட்டு கீரை, எல்லாம் டிராக்டரில் போட்டுக்கொண்டு வாருங்கள். உங்க காய உங்களுக்கே சமைச்சிப் போடறோம், இனிமே எங்க வீட்ல இன்னாத்த சாப்புடறதுன்னு நீங்க கேக்க முடியாது.